இரவில் பயம், மதியத்தில் ஆபத்து: சர்க்கரை இறங்கிவிடுமோ என்ற அச்சம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

என் எதிரே வந்து உட்கார்ந்ததும் அவர் முதலில் செய்தது, கைப்பையிலிருந்து குளுக்கோமீட்டரை எடுத்து விரலில் குத்திப் பார்த்ததுதான். 143. ஒரு நோட்டில் நேரத்தையும் எண்ணையும் எழுதினார். கால் மணி நேரம் பேசியிருப்போம், மறுபடியும் மீட்டரை எடுத்தார். 139. "இறங்குது பாருங்க சிஸ்டர்" என்றார். குரல் நடுங்கியது.

நான் நீரிழிவு வந்தவர்களுக்குப் பயிற்சியும் ஆலோசனையும் தரும் செவிலியர். அவருக்கு வயது 44. கட்டட வரைபடம் வரையும் வேலை. கணவரும் 12 வயது மகளும் இருக்கிறார்கள். அடையாளம் தெரியாமலிருக்க வேறு சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவரோடு வந்த மருத்துவச் சீட்டில் "சிகிச்சைக்கு ஒத்துழைக்கவில்லை, இன்சுலினைத் தவிர்க்கிறார்" என்று எழுதியிருந்தது. அந்த வரியை நான் ஏற்கவில்லை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை விரலில் குத்திக்கொள்ளும் ஒருவரை ஒத்துழைக்காதவர் என்று எப்படிச் சொல்வது? அவர் இன்சுலினைத் தவிர்த்தது உண்மைதான். ஏன் தவிர்த்தார் என்பதை யாரும் கேட்டிருக்கவில்லை.

தொடக்கம்

நான்கு மாதம் முன்பு தீராத தாகம், எடை குறைவு, பார்வை மங்கல் என்று பரிசோதனைக்குப் போயிருக்கிறார். வெறும் வயிற்றில் சர்க்கரை 248. கடந்த மூன்று மாத நிலையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 11.1. அதாவது அவருடைய ரத்தச் சர்க்கரை சராசரியாக 270 மி.கி. அளவில் இருந்திருக்கிறது. இரண்டாம் வகை நீரிழிவு. மெட்ஃபார்மின் இரண்டு வேளை, காலையில் கிளிமிபிரைடு 2 மி.கி., இரவில் நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் 10 யூனிட் என்று சிகிச்சை தொடங்கியது.

அன்றைக்கு அவருக்கு ஊசி போடச் சொல்லிக்கொடுத்தது நான்தான். பத்து நிமிடத்தில் முடித்த பயிற்சி அது. சர்க்கரை குறைந்தால் என்ன ஆகும் என்று ஒரு தாளைக் கையில் கொடுத்தேன். வியர்வை, நடுக்கம், குழப்பம், வலிப்பு, நினைவிழப்பு, உயிருக்கு ஆபத்து என்று வரிசையாக அதில் இருந்தது. "பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது" என்றும் சொல்லி அனுப்பினேன். தாளில் உயிருக்கு ஆபத்து என்று இருக்கிறது, வாயால் ஒன்றும் ஆகாது என்கிறேன். இரண்டில் எதை நம்புவார்? ஆபத்தைச் சொன்னேனே தவிர, அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கையோடு செய்து பார்க்க வைக்கவில்லை. இந்த நிகழ்வில் என் பங்கு அது. இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது வாரத்தில் முதல் தடவை சர்க்கரை இறங்கியது. காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு அரைகுறையாகச் சாப்பிட்டுவிட்டு, கட்டுமானம் நடக்கும் இடத்துக்குப் போய்ப் படி ஏறி இறங்கியிருக்கிறார். மதியச் சாப்பாடு தள்ளிப்போனது. இரண்டு மணிவாக்கில் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோது வார்த்தை குழறியது, சட்டை நனையும் அளவுக்கு வியர்த்தது. சக ஊழியர் ஒருவர் இனிப்பான பானத்தைக் குடிக்கக் கொடுத்து, மீட்டரில் பார்த்தபோது 58. பயத்தில் கிடைத்ததையெல்லாம் சாப்பிட்டதில் இரண்டு மணி நேரம் கழித்து 290. மாலையில் வீட்டுக்கு வந்ததும் மகளிடம், "இன்னிக்கு அம்மா போயிருப்பேன்" என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வாக்கியம் அந்தப் பெண்ணுக்கு என்ன செய்தது என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

அதன்பிறகு வாழ்க்கையே மாறிவிட்டது. படுக்கப் போகும்முன் ஒரு டம்ளர் நிறைய சர்க்கரை கலந்த பானம். ராத்திரி ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் அலாரம் வைத்து எழுந்து பரிசோதனை, எண் 150க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பாடு. இன்சுலினைத் தானாகவே ஆறு, நான்கு என்று குறைத்து, வாரத்தில் பாதி நாள் போடாமலும் விட்டார். நடைப்பயிற்சி நின்றது, வண்டி ஓட்டுவது நின்றது. தூக்கத்தில் ஏதாவது ஆனால் எழுப்ப ஆள் வேண்டும் என்று மகளைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டார். எடை நான்கு கிலோ கூடியது. மூன்று மாதம் கழித்து எடுத்த ஹெச்பிஏ1சி 9.4.

நோட்டில் இருந்தது

இந்த மாதிரி பயத்தோடு வருபவரைத் தேற்றத்தான் முதலில் தோன்றும். முன்பு ஒரு தடவை அதைத்தான் செய்து தவறியிருந்தேன். இந்த முறை தேற்றுவதை ஒதுக்கிவைத்துவிட்டு, அந்தப் பயம் சரியான பயமா என்று பார்க்க உட்கார்ந்தேன். சர்க்கரை இறங்கும் பயத்துக்கும் மற்ற பயங்களுக்கும் இங்கேதான் பெரிய வித்தியாசம் இருக்கிறது. லிஃப்டைக் கண்டு பயப்படுபவரிடம் லிஃப்ட் ஒன்றும் செய்யாது என்று சொல்லிவிடலாம். இன்சுலினும் கிளிமிபிரைடு வகை மாத்திரையும் எடுப்பவரிடம் சர்க்கரை இறங்கவே இறங்காது என்று சொல்ல முடியாது. அந்த மருந்துகள் சர்க்கரையை இறக்கக்கூடியவை. பயத்தில் எந்தப் பாதி உண்மை, எந்தப் பாதி பழக்கம் என்று பிரித்த பிறகுதான் மற்றதெல்லாம்.

நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். பதினோரு வாரத்தில் ஏறத்தாழ 900 எண்கள். அவற்றில் 70க்குக் கீழே இருந்தவை நான்கே நான்கு: 58, 66, 63, 68. நான்கும் வேலை நாட்கள். நான்கும் மதியம் பன்னிரண்டே முக்காலுக்கும் இரண்டரைக்கும் இடையில். அந்த நாட்களின் காலைப் பக்கங்களைப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. முதல் தடவையைத் தவிர மற்ற மூன்று நாளும் காலையில் அவர் சாப்பிடவே இல்லை.

"காலையில ஏன் சாப்பிடலை?"

"எந்திரிச்சுப் பார்த்தா 180, 190ன்னு இருக்கும் சிஸ்டர். அதுக்கு மேல சாப்பிட மனசு வரலை."

"மாத்திரை?"

"அதைப் போட்டுட்டேன். அதைத் தவறவே விடமாட்டேன்."

அந்த இடத்தில்தான் முடிச்சு பிடிபட்டது. இரவில் பயந்து சாப்பிடுகிறார். காலையில் எண் ஏறியிருக்கிறது. அந்தக் குற்ற உணர்ச்சியில் காலைச் சாப்பாட்டை விடுகிறார். ஆனால் கிளிமிபிரைடைப் போடுகிறார். அந்த மாத்திரை கணையத்தை இன்சுலின் சுரக்கும்படி தூண்டும். சாப்பிட்டோமா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. வெறும் வயிறு, மேலே படியேற்றம், மதியம் சர்க்கரை இறங்குகிறது. இறங்கியதால் அன்று இரவு இன்னும் பயந்து, இன்னும் அதிகமாகச் சாப்பிடுகிறார். இரவுப் பயமே மதியத்து ஆபத்தை உண்டாக்கிக்கொண்டிருந்தது. அவர் காவல் காத்ததெல்லாம் ராத்திரியில், ஆபத்து வந்ததோ பகலில்.

இதை அவரிடம் காட்டியபோது ஆறுதலடைவார் என்று நினைத்தேன். அவர் கேட்ட கேள்வி என்னை நிறுத்தியது: "ராத்திரி நான் சாப்பிடறதாலதானே இறங்கலை? சாப்பிடாம, ஊசியும் முழுசாப் போட்டா இறங்காதுன்னு எப்படிச் சொல்வீங்க?" நியாயமான கேள்வி. அந்த 900 எண்களும் இன்சுலினைக் குறைத்து, சாப்பாட்டைக் கூட்டி எடுத்தவை. இரவு பாதுகாப்பானது என்று அவற்றை வைத்துச் சொல்ல முடியாது. சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று ஒப்புக்கொண்டேன். அவர் என்னை நம்பத் தொடங்கியது அந்த நிமிடத்திலிருந்துதான் என்று நினைக்கிறேன்.

120இல் ஏன் நடுங்கியது?

நோட்டில் இன்னொரு புதிர். 110, 125, 130 என்ற எண்களுக்கு எதிரே "நடுக்கம்", "படபடப்பு", "வியர்வை" என்று நிறைய இடத்தில் எழுதியிருந்தார். வீட்டில் இருப்பவர்கள் இதை மனப்பிரமை என்று சொல்லியிருந்தார்கள். பிரமை கிடையாது.

ரத்தச் சர்க்கரை குறையும்போது உடம்பு படிப்படியாகத் தற்காத்துக்கொள்ளும். ஆரோக்கியமான ஒருவருக்கு 80ஐ ஒட்டி இறங்கும்போதே கணையம் இன்சுலினைக் குறைத்துவிடும். 70க்குச் சற்றுக் கீழே குளுகோகான், அட்ரினலின் என்ற ஹார்மோன்கள் சுரந்து, கல்லீரலில் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரையை வெளியே விடும். 55ஐ ஒட்டித்தான் நடுக்கமும் வியர்வையும் பசியும் தெரியத் தொடங்கும். அதற்கும் கீழே போனால் சிந்தனை மங்கும். நீண்ட காலம் உயர்ந்த சர்க்கரையிலேயே இருந்த உடம்புக்கு இந்தப் படிகள் மேலே நகர்ந்துவிடுகின்றன. 1988இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சர்க்கரை கட்டுக்குள் இல்லாத முதல் வகை நீரிழிவுக்காரர்களுக்கு சராசரியாக 78இலேயே அறிகுறிகள் தொடங்கின. நீரிழிவு இல்லாதவர்களுக்கு அதே அறிகுறிகள் 53இல்தான் வந்தன. எங்கள் அனுபவத்தில், இன்னும் உயரமான எண்ணிலேயே தடுமாறுபவர்களைப் பார்க்கிறோம். 270இலேயே பழகிய உடம்பு 120ஐப் பார்த்தால், பஞ்சம் வந்துவிட்டது என்று எச்சரிக்கை மணியடிக்கிறது. நடுக்கம் உண்மை, ஆபத்து மட்டும் இல்லை.

இதோடு பயமும் சேர்ந்துகொள்கிறது. பயந்தாலும் அட்ரினலின்தான், சர்க்கரை இறங்கினாலும் அட்ரினலின்தான். நெஞ்சுப் படபடப்பை வைத்து இரண்டையும் பிரிக்கவே முடியாது. மீட்டர்தான் பிரிக்கும்.

மீட்டருக்கும் ஓர் எல்லை உண்டு. குளுக்கோமீட்டர்களுக்கென்று 2013இல் வந்த ஐஎஸ்ஓ 15197 என்ற சர்வதேசத் தர விதிப்படி, 100க்கு மேற்பட்ட அளவுகளில் 95 சதவீதம் ஆய்வக முடிவிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருந்தால் போதும், 100க்குக் கீழே 15 மி.கி.க்குள் இருந்தால் போதும். முதல் நாள் என் எதிரே அவர் பார்த்த 143உம் 139உம் உண்மையில் ஒரே எண்தான். "இறங்குது பாருங்க" என்று அவர் நடுங்கியதற்கு அடியில் எந்த இறக்கமும் இல்லை. இதை விளக்கியபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "இதை யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்றார். சொல்லியிருக்க வேண்டியவள் நான்.

முதலில் மருந்து, பிறகு மனசு

மனப்பயிற்சி எதையும் தொடங்கும்முன் மருத்துவரிடம் நோட்டைக் கொண்டுபோனேன். அவர் கவனமாகப் பார்த்து கிளிமிபிரைடை நிறுத்தினார். மெட்ஃபார்மினைக் கூட்டி, தனியாக எடுத்தால் சர்க்கரையைத் தாழ விடாத வேறொரு வகை மாத்திரையைச் சேர்த்தார். இன்சுலின் 6 யூனிட்டில் மறுபடி தொடங்கியது. வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு முதல் சில வாரம் 140 முதல் 160 வரை என்ற தளர்வான இலக்கு. 6, அப்புறம் 8 என்று மெதுவாக ஏற்றிக்கொண்டு போவது. இந்த நிதானத்துக்குக் காரணம் உண்டு. சர்க்கரை படிப்படியாகக் குறைந்தால் எச்சரிக்கை மணியின் அளவும் சில வாரங்களில் கீழே வந்துவிடும். ஒரே மூச்சில் 120க்கு இறக்கினால் தினமும் நடுக்கம், தினமும் பயம்.

பயத்தின் நியாயமான பாதியை மருந்துச் சீட்டில் சரிசெய்யாமல், "தைரியமா இருங்க" என்று சொல்வது அநியாயம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

இன்னொரு முன்னெச்சரிக்கையும் உண்டு. நீங்கள் உணரும்முன் மற்றவர்கள் கண்டுபிடித்த லோ (சர்க்கரை 70க்குக் கீழே இறங்குவதை அப்படித்தான் சொல்வோம்) உண்டா, 54க்குக் கீழே போயும் எந்த அறிகுறியும் இல்லாமல் இருந்ததுண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். ஆம் என்று சொல்லியிருந்தால் கீழே சொல்லும் படிகளில் எதையும் தொடங்கியிருக்க மாட்டேன். அடிக்கடி சர்க்கரை இறங்குபவர்களுக்கு எச்சரிக்கை மணி எதிர்த்திசையில் பழுதாகும்: 45இல்கூட அடிக்காது. முதல் வகை நீரிழிவு, பல வருட இன்சுலின், சிறுநீரகக் கோளாறு, முதுமை ஆகியவை இருந்தாலும் கணக்கு வேறு. அவர்களுக்குப் பயம் பெரும்பாலும் சரியாகவே சொல்கிறது. சில வாரங்கள் லோவே வராமல் பார்த்துக்கொண்டால் உணரும் திறன் ஓரளவு திரும்பும். முதலில் அதுதான் வேலை. ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுக்கிறாரா என்றும் பார்த்தேன். அது நடுக்கத்தையும் படபடப்பையும் மறைக்கும், வியர்வையை மறைக்காது. இவர் எடுக்கவில்லை.

பதினைந்து நிமிடம்

அடுத்து, சர்க்கரை இறங்கினால் என்ன செய்வது என்பதை உட்கார்ந்து ஒத்திகை பார்த்தோம். 70க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை. 4 கிராம் குளுக்கோஸ் வில்லை என்றால் நான்கு, பழச்சாறு என்றால் அரை கப். பதினைந்து நிமிடம் பொறுத்து மறுபடி பரிசோதனை. இன்னும் 70க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு 15 கிராம். சாக்லேட்டில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும், அதனால் அவசரத்துக்கு அது உதவாது. இதுவரை எல்லோரும் சொல்வதுதான்.

கஷ்டம் அந்தப் பதினைந்து நிமிடத்தில் இருக்கிறது. சர்க்கரை ஏறத் தொடங்கிய பிறகும் அட்ரினலின் உடனே அடங்காது, நடுக்கம் தொடரும். நடுக்கம் நிற்கும்வரை சாப்பிட வேண்டும் என்று அவர் நம்பியிருந்தார். 58 பிறகு 290 ஆனது அப்படித்தான். அதனால் அந்தக் கால் மணி நேரத்துக்கு ஒரு வேலை கொடுத்தேன். உட்கார வேண்டும். கணவருக்கு ஒரு குறுஞ்செய்தி: எண், நேரம், சாப்பிட்டது. அப்புறம் கடைசியாக வரைந்த அறையின் அளவுகளை நினைவிலிருந்து எழுத வேண்டும். இந்த மூன்றாவது யோசனை அவருடையது. அளவு சரியாக வந்தால் மூளைக்குச் சர்க்கரை போகிறது என்று தெரிந்துகொள்ளலாம் என்றார். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. குளுக்கோஸ் வில்லைகளை மேசையில் வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு முறை ஒத்திகை செய்தோம். முதல் முறை ஆறாவது நிமிடத்திலேயே, சர்க்கரை சரியாக இருந்தபோதே, அவருக்கு அழுகை வந்துவிட்டது.

ஊகித்துவிட்டுக் குத்துவது

மூன்று வாரம் ஒரே ஒரு விதி: குத்தும்முன் ஊகத்தை எழுத வேண்டும். எண் என்னவாக இருக்கும், உடம்பில் எங்கே என்ன தெரிகிறது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் உருவான ரத்தச் சர்க்கரை விழிப்புணர்வுப் பயிற்சியில் உள்ள முறை இது. முதல் வாரத்தில் அவர் 65 என்று எழுதிய இடங்களில் மீட்டர் 118, 124, 131 என்று காட்டியது. மூன்றாவது வாரத்தில் ஊகம் நெருங்கி வந்தது.

எண்ணைவிடப் பயனுள்ள ஒன்றை அவரே கண்டுபிடித்தார். பயத்தில் வரும் நடுக்கம் நெஞ்சிலும் வயிற்றிலும் சட்டென்று தொடங்குகிறது. உண்மையான நான்கு லோவையும் நினைவுபடுத்திப் பார்த்தபோது, அவற்றில் மூன்றில் முதலில் பயமே இருக்கவில்லை. உதட்டோரம் மரத்துப்போனது, சின்னக் கூட்டல் வரவில்லை, பக்கத்தில் இருந்தவர்மேல் காரணமில்லாமல் எரிந்து விழுந்திருக்கிறார். "நான் பயப்படற நேரத்துல பெரும்பாலும் நல்லாத்தான் இருந்திருக்கேன்" என்றார். இந்த அடையாளங்கள் ஆளுக்கு ஆள் மாறும். இவருடைய பட்டியலை இன்னொருவர் எடுத்துக்கொள்ளக் கூடாது. அவரவர் நோட்டிலிருந்துதான் வர வேண்டும்.

எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது

பயத்தால் செய்வதையெல்லாம் நிறுத்தச் சொல்வது இந்த நோயில் ஆபத்து. பையில் குளுக்கோஸ் வைத்திருப்பதும், வண்டி எடுக்கும்முன் 90க்கு மேல் இருக்கிறதா என்று பார்ப்பதும் இன்சுலின் எடுக்கும் காலம் முழுக்கத் தொடர வேண்டியவை. ராத்திரி மூன்று மணி அலாரம் அப்படியா? பிரித்துப் பார்க்க ஒரே ஒரு கேள்வி வைத்தேன்: "எந்த எண்ணைப் பார்த்தால் இதைச் செய்யாமல் விடுவீர்கள்?" வண்டிச் சோதனைக்கு உடனே பதில் வந்தது. தூங்கும்முன் குடிக்கும் பானத்துக்கு, "எந்த எண் இருந்தாலும் குடிப்பேன்" என்றார். எந்த எண்ணும் நிறுத்த முடியாத காரியம், சர்க்கரைக்காகச் செய்வது கிடையாது, பயத்துக்காகச் செய்வது. அவற்றை ஒரு தாளில் எழுதி, சுலபமானதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தோம்.

முதல் படி: நடுங்குகிறது, மீட்டர் 100க்கு மேல் காட்டுகிறது என்றால் சாப்பிடாமல் இருபது நிமிடம் பொறுத்து மறுபடி பார்ப்பது. அப்புறம் கணவரோடு பத்து நிமிட நடை, பிறகு தனியாக. படுக்கைநேரப் பானத்தை முக்கால், அரை, கால் என்று வாரத்துக்கு ஒரு படி குறைப்பது. நடை மிகச் சீக்கிரம் திரும்பி வந்தது. பானம்தான் இழுத்தடித்தது.

இரவைச் சோதிக்க, தோலில் ஒட்டியிருந்து சர்க்கரையை இடைவிடாமல் அளக்கும் சென்சாரை இரண்டு வாரம் பொருத்தினோம். நான்காவது ராத்திரி மூன்று மணிக்கு அது 61 என்று அலறியிருக்கிறது. வீடே எழுந்துகொண்டது. விளக்கைப் போட்டு விரலில் குத்தினால் 97. அந்தப் பக்கமாகவே ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். சென்சார் உடம்புக்கு அடியில் அழுந்தினால் அந்த இடத்தில் திரவ ஓட்டம் குறைந்து பொய்யாகத் தாழ்வு காட்டும். இதை முன்கூட்டியே சொல்லியிருந்ததால்தான் அன்று யாரும் எதையும் வாயில் திணிக்கவில்லை. மற்ற பதின்மூன்று இரவும் 8 யூனிட் இன்சுலினோடு, பானம் அரை டம்ளராகக் குறைந்த நிலையில், சென்சார் வரைந்த கோடு 105க்குக் கீழே இறங்கவில்லை. அந்தக் கோட்டை அச்செடுத்துத் தரச் சொல்லி வாங்கிப்போனார். நான் சொல்லும் எந்த ஆறுதலைவிடவும் அவருக்கு அந்தத் தாள் மேலாக இருந்தது.

மகள்

இரண்டாவது மாதம் மகளையும் அழைத்து வரச் சொன்னேன். உள்ளே வந்ததும் அந்தப் பெண் அம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டாள்: "அம்மா தூக்கத்துலயே செத்துப்போயிடுவாங்களா ஆன்ட்டி?" மூன்று மாதமாக ராத்திரி எழுந்து அம்மாவின் மூச்சைக் கவனித்துக்கொண்டிருக்கிறாள். பெரியவர்கள் யாருக்கும் தெரியாது. பள்ளியில் தூங்கி விழுகிறாள் என்று திட்டு மட்டும் விழுந்திருக்கிறது.

ஒருபோதும் ஆகாது என்று நான் சொல்லவில்லை. அம்மா இப்போது எடுக்கும் மருந்தில் அது மிக மிக அரிது, சர்க்கரை இறங்கினால் கல்லீரல் தன் சேமிப்பை வெளியே விடும், உடம்பு பெரும்பாலும் ஆளை எழுப்பிவிடும் என்று படம் போட்டுச் சொன்னேன். பிறகு மீட்டரைக் கையில் கொடுத்து அவளையே குத்திப் பார்க்க வைத்தேன். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊட்டக் கூடாது, ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும், அவசர உதவியை அழைக்க வேண்டும் என்பதைச் செய்துகாட்டினாள். கடைசியாக, "அப்போ நான் ராத்திரி பார்க்க வேண்டாமா?" என்றாள். வேண்டாம், அது உன் வேலை இல்லை என்றேன். இந்த வீட்டில் முதலில் நன்றாகத் தூங்கத் தொடங்கியது அவள்தான்.

சறுக்கல்

ஒன்பதாவது வாரம் வாந்தியோடு காய்ச்சல். சரியாகச் சாப்பிடாமல் வழக்கமான இன்சுலினைப் போட்டிருக்கிறார். உடம்பு சரியில்லாத நாளில் என்ன செய்வது என்று அதுவரை நாங்கள் பேசவில்லை. அது என் விடுபடல். இரவு பதினொரு மணிக்கு 64. நான்கு வில்லை, பதினைந்து நிமிடம் கழித்து 81. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. பழையபடி சாப்பிட்டு 260. மறுநாளிலிருந்து இரண்டு அலாரமும் திரும்ப வந்தன, பானமும் முழு டம்ளருக்குத் திரும்பியது.

"எல்லாம் வீணாப்போச்சு சிஸ்டர்" என்று ஃபோனில் அழுதார். முதல் லோவின்போது அவர் வேறொருவர் கையால் காப்பாற்றப்பட்டார், இந்த முறை அவரே பார்த்து, அவரே சரிசெய்திருக்கிறார் என்பதை நினைவுபடுத்தினேன். அலாரத்தை உடனே நிறுத்தச் சொல்லவில்லை. எந்தத் தேதியில் நிறுத்துவது என்று அவரையே குறிக்கச் சொன்னேன். எட்டு நாள் தள்ளி ஒரு தேதி சொன்னார். அந்தத் தேதியில் நிறுத்தினார். நோயுற்ற நாளுக்கான விதிகளை மருத்துவர் எழுதித் தந்தார், அது இப்போது குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது.

ஆறு மாதம் கழித்து

ஹெச்பிஏ1சி 7.4. இன்சுலின் 12 யூனிட். கடைசியாகப் பொருத்திய சென்சாரில் 70க்குக் கீழே இருந்த நேரம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. நான்கு சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்பது 2019இல் வந்த சர்வதேசப் பரிந்துரை. பயத்தை அளக்க, 1987இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் உருவான தாழ்சர்க்கரை அச்சக் கேள்வித்தாளின் திருத்திய வடிவத்தைப் பயன்படுத்தினோம். 33 கேள்விகள், 18 கவலையைப் பற்றியவை, 15 நடத்தையைப் பற்றியவை. கவலைப் பகுதியில் 72க்கு 51ஆக இருந்தது 19 ஆகியிருக்கிறது. நடத்தைப் பகுதியில் 60க்கு 38 இருந்தது 17. நடத்தை எண் பூஜ்யமாக வேண்டும் என்று நான் விரும்பவில்லை. அதில் பையில் இருக்கும் குளுக்கோஸும் சேர்ந்திருக்கிறது.

இப்போது ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு முறை பரிசோதனை. காலையில் சாப்பிடாமல் வேலைக்குப் போவதில்லை. மகள் தன் அறைக்குத் திரும்பிவிட்டாள். பகலில் வண்டி ஓட்டுகிறார். இருட்டிய பிறகு தனியாக நீண்ட தூரம் ஓட்ட இன்னும் மனம் வரவில்லை. தாளில் மிச்சமிருப்பது அது ஒன்றுதான். எடை இரண்டு கிலோ குறைந்திருப்பதால் இன்சுலினைக் குறைக்கலாமா என்று மருத்துவர் யோசிக்கிறார். போன வாரம் வந்தபோது ஒரு மணி நேரம் பேசினோம். மீட்டர் கைப்பைக்குள்ளேயே இருந்தது. கிளம்பும்போதுதான் எடுத்தார், வண்டி ஓட்டப் போவதால். 112. "சரி, போலாம்" என்று சாவியை எடுத்துக்கொண்டார்.